பிறவிப் பாட்டு

புதிய குஞ்சுகள் பாட ஆரம்பித்த அன்றே எங்கேயோ தப்பு என்று மகளுக்குத் தெரிந்துவிட்டது. அதைப் பாட்டு என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். துருப்பிடித்த சைக்கிளை யாரோ தள்ளிக்கொண்டு போகிற மாதிரி ஒரு கீச்சு, கொஞ்சம் இடைவெளி, மறுபடியும் ஒரு கீச்சு. பெட்டிக்கு ஒரு குஞ்சு, குஞ்சுக்கு ஒரு விதமான கீச்சு. ஒன்றின் வாயிலாவது அது வந்துவிடாதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாள். வரவில்லை.

அது என்றால் பிறவிப் பாட்டு. உயிரியல் படித்தவர்கள் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் பரீட்சைக்காகவாவது அதைப் படித்திருப்பார்கள். தாய் தகப்பன் குரலையே கேட்காமல், தனித்தனிப் பெட்டிகளில் வளர்ந்த குருவிக் குஞ்சுகள் பெரிதானதும் ஒரே மெட்டைப் பாடின. ஏழு சுரம், அதன் முடிவில் ‘டக்’ என்று ஓர் ஒலி. யாரும் சொல்லித்தரவில்லை, ஆகவே பாட்டு ரத்தத்திலேயே இருக்கிறது என்று நிரூபித்தவர் அவளுடைய அப்பா. பாடப்புத்தகத்தில் குருவி ஒரு பக்கம், அப்பாவின் தாடி எதிர்ப்பக்கம். மாணவர்கள் பாரபட்சம் பார்க்காமல் இரண்டுக்கும் மூக்குக்கண்ணாடி வரைந்து வைப்பார்கள்.

இந்தத் தள்ளாத வயதில் அப்பாவுக்கு நாட்டின் பெரிய விஞ்ஞானக் கழகம் தன் உயர்ந்த பதக்கத்தைக் கொடுக்கப்போகிறது. விழாவில், மகள் வாய் திறக்காமல் ஊட்டி வளர்த்த புதுக் குஞ்சுகளின் பாட்டைப் போட்டுக் காட்ட வேண்டும் என்று அவருக்குப் பிடிவாதம்.

“பழைய டேப்பெல்லாம் வேணாம். இந்த வருஷம் பொறந்தது பாடறத கேக்கட்டும். அந்தச் சந்தேகப் பேர்வழிய முன் வரிசையில உக்கார வெச்சுக் கேக்க விடணும்.”

‘சந்தேகப் பேர்வழி’ என்பது அப்பா வைத்த பெயர். அந்த மனிதரும் ஒரு காலத்தில் பறவை ஆராய்ச்சிக்காரர்தான். பாட்டு என்றால் யாராவது சொல்லிக்கொடுத்துத்தான் வரும், எங்கேயோ கோளாறு இருக்கிறது என்று ஒரு மாநாட்டில் எழுந்து நின்று சொன்னார். அப்பா கொடுத்த பதிலில் அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. மனிதர் பறவைகளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு மண்புழு ஆராய்ச்சிக்குப் போய்விட்டார். “மண்புழு பாடாது, நிம்மதியா இருப்பான்” என்று அப்பா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். மகளும் சேர்ந்து சிரித்தவள்தான்.

தீவனத்தில் குறையோ என்று பார்த்தாள். விளக்கை மாற்றினாள். ஊட்டும் குழாயை மாற்றினாள். கீச்சு கீச்சாகவே இருந்தது.

பாட்டு இல்லாமல் போய்விடவில்லை. குஞ்சுப் பெட்டிகளுக்கு எட்டாதபடி நடையின் அந்தக் கோடியிலிருந்த அறையில், பெரிய கம்பிக் கூண்டில் பழைய குருவிகள் காலையிலிருந்து மாலைவரை அதையேதான் பாடிக்கொண்டிருந்தன. அம்மா செத்துப்போன பிறகு குஞ்சுகளுக்குக் கையால் ஊட்ட ஆள் இல்லாமல், இருந்த குருவிகளையெல்லாம் ஒரே கூண்டில் விட்டுவிட்டார்கள். அவை குடும்பம் நடத்திப் பெருகின. அப்பனைப் பார்த்துப் பிள்ளை, பிள்ளையைப் பார்த்துப் பேரன் என்று எல்லாம் பாடின. வேறு ஆய்வுக்கூடங்கள் கேட்டபோதும் இந்தக் கூண்டிலிருந்துதான் ஜோடி ஜோடியாகப் போயின. போன இடத்திலும் பாடின. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அந்தக் காலத்தில் ஊட்டியது முழுக்க அம்மா. முட்டை பொரிவதற்கு முன்பே பெட்டிக்கு மாற்றி, பொழுது சாயும்வரை மாற்றி மாற்றி மூடியைத் திறந்து ஊட்ட வேண்டும். அந்த அறைக்கு அப்பா போட்ட சட்டம் சாதாரணச் சட்டமில்லை. பேசக்கூடாது. செருப்பு கூடாது. இருமல் வந்தால் தோட்டத்துக்கு ஓடிப்போய் இருமிவிட்டு வரவேண்டும். அறை வீட்டோடு ஒட்டியிருந்ததால் வீட்டுக்கும் வாய்ப்பூட்டு. ரேடியோ கிடையாது, கதவுக் கீல் ஒவ்வொன்றுக்கும் அப்பாவே எண்ணெய் விடுவார். அம்மா வாயில்லாப் பூச்சி என்று உறவுக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அப்பாவின் புத்தக முன்னுரையில் ‘பொறுமையோடு உணவூட்டிய என் மனைவிக்கு’ என்று அரை வரி இருக்கிறது.

ஒரு மத்தியானம் மகள் நடையிலிருந்த தொட்டியில் ஊட்டும் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். கூண்டு அறையின் கதவு திறந்திருந்தது. குருவிகள் பாட, இவளும் கை வேலையோடு கூடவே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். ஏழு சுரமும் முடிந்தன. ‘டக்’ என்று குருவிகள் நிறுத்தின. இவள் நிறுத்தவில்லை.

இன்னும் ஒரு வரி பாடிவிட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. குழாய் கையிலிருந்து நழுவியது. இந்தப் பாட்டுக்கு மேலே என்ன இருக்கிறது என்று இவளுக்கு எப்படித் தெரியும்? எந்தப் புத்தகத்திலும் இல்லை. எந்தக் குருவியும் பாடியதில்லை. கண்ணில் சோப்பு எரிந்த ஞாபகம் வந்தது. தலைமுடிக்குள் விரல்கள். குளியலறைச் சுவரில் மோதித் திரும்பும் மெல்லிய குரல்.

அம்மா.

கம்பி வலைக்குப் பின்னால், சின்னச் சின்னத் தொண்டைகளில், மண்ணோடு மண்ணாகிப்போன அம்மா இத்தனை வருஷமும் விடாமல் பாடிக்கொண்டிருந்திருக்கிறாள். மகள் பயந்தாள். பெற்ற தாயை நினைத்துப் பயப்படுகிற நாள் ஒன்று வரும் என்று அவள் எண்ணியதே இல்லை.

கால் தானாகக் குஞ்சு அறைப் பக்கம் நடந்தது. பழைய கதவு, பழைய இரும்புத் தாழ்ப்பாள். கீலுக்கெல்லாம் எண்ணெய் விட்ட அப்பாவால் தாழ்ப்பாளை மட்டும் ஊமையாக்க முடியவில்லை. அவள் அதைத் தூக்கினாள். ‘டக்.’

கூண்டு அறையில் அத்தனை குருவியும் ஒரே நொடியில் வாயை மூடின. ஒரு சிறகுகூட அசையவில்லை. யாரோ உள்ளே வரப்போகிறார்கள் என்று எல்லாம் காத்திருந்தன.

அதன் பிறகு வீட்டில் எங்கே போனாலும் பாட்டு பின்னாலேயே வந்தது. பாத்திரம் கழுவினால் தண்ணீரில் கேட்டது. கொடுமை என்னவென்றால், அப்பா முகம் கழுவும்போது அதையே சீட்டியடிப்பார். பல வருஷப் பழக்கம், தன் கண்டுபிடிப்பின்மேல் அவருக்கு அவ்வளவு ஆசை. ஏழு சுரத்தையும் பிசகாமல் அடித்துவிட்டு, கடைசியில் நாக்கைச் சுண்டி ‘டக்’ என்பார். முன்பெல்லாம் அதைக் கேட்டுச் சிரித்த மகள் இப்போது கதவைச் சாத்திக்கொண்டாள்.

சொன்னால் அப்பாவின் ஆயுள்கால உழைப்பு மண்ணாகிவிடும். சொல்லாவிட்டால் பொய்யை ஊரறிய மேடையேற்றிக் கைதட்ட வேண்டும். விழாவுக்கு ஒரு நாள் இருக்கும்போது அவளுக்குப் புத்தி கோணலாகப் போனது. கூண்டிலிருந்து ஒரு பழைய குருவியைப் பிடித்துப் பெட்டியில் போட்டாள். மூடியைச் சாத்தி மைக்கை வைத்தாள். புதுக் குஞ்சு என்று சொன்னால் யார் வந்து வயதைக் கேட்கப்போகிறார்கள்?

குருவி சிறிது நேரம் படபடத்தது. பிறகு, இருட்டுக்குள்ளிருந்து தணிந்த குரலில் பாடியது. யார் காதிலும் விழுந்துவிடக்கூடாது என்கிற மாதிரி பாடியது. ஏழாவது சுரத்தில் டக்கென்று நின்றது. மகளுக்குத் தாங்கவில்லை. அம்மாவைத் திரும்பவும் அந்தப் பெட்டிக்குள் தள்ளித் தன் கையாலேயே வாயைப் பொத்திய மாதிரி இருந்தது. மூடியைப் பிடுங்கி எடுத்து, குருவியைக் கூண்டில் விட்டுவிட்டு, நேரே அப்பாவிடம் போனாள்.

அப்பா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து மறுநாள் பேச்சைத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள். அப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

“யாரு, உங்கம்மாவா? அவளுக்குப் பாட்டே வராது! இத்தன வருஷம் ஒண்ணா இருந்திருக்கேன். ஒரு நாளாவது ஒரு வரி முணுமுணுத்து நான் கேட்டதில்ல.”

“நீங்க கேட்டிருக்க மாட்டீங்கப்பா. நீங்க இல்லாதப்பதான் பாடுவாங்க.”

“அவ என் சட்டத்த மீறவே மாட்டா.”

“குஞ்சு வாயத் தொறந்தாலே அவங்களுக்குத் தெரியாம பாட்டு வந்துடும்பா. தனியா நின்னு குழந்தைங்களுக்கு ஊட்டற மாதிரிதானே ஊட்டினாங்க.”

“இதெல்லாம் கதை. ஆதாரம் எங்க?”

மகள் பாடினாள். அப்பாவின் விரல் பழக்கதோஷத்தில் மேஜைமேல் சுரங்களை எண்ணியது. ஏழு முடிந்ததும் ‘டக்’குக்காக விரலைத் தூக்கினார். மகள் நிற்காமல் மேலே பாடினாள். தூக்கிய விரல் அந்தரத்திலேயே நின்றது. அவர் முகத்தைப் பார்த்ததும் அவள் பாட்டை நிறுத்தினாள்.

“அப்போ அந்த டக்கு?”

“குஞ்சு ரூம் தாழ்ப்பாள். நீங்க வர்ற சத்தம்.”

அந்தக் காலத்தில் ஒவ்வொரு வேளை ஊட்டலின்போதும் பாதியில் மேற்பார்வை பார்க்க வந்தது அவர்தான். அம்மா உள்ளே ஊட்டிக்கொண்டிருக்கும்போது வேறு யாருக்கும் அந்தத் தாழ்ப்பாளைத் தொட அனுமதி இல்லை. கிழவர் அந்தத் தாழ்ப்பாளைத் தூக்கிய தன் கையைப் பார்த்தார்.

“உலகத்துல இருக்கற சத்தத்த எல்லாம் வெளிய நிறுத்தினேன்” என்றார். “என்னை நான் கணக்குலயே சேக்கல.”

“அப்பா...”

“அந்த டக்குக்கு ஒரு அத்தியாயமே எழுதினேன்டி. முடிப்பு ஒலின்னு பேரு வெச்சேன்.” சிரிக்கப் பார்த்தார். சிரிப்புக்குப் பதிலாகக் கண்ணீர் வந்தது. “நான் வர்ற சத்தம் கேட்டாலே நிறுத்திடுவாளா?”

மகள் ஆமென்று தலையாட்டினாள்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். அவரைப் பெரிய மனிதராக்கிய ஏதோ ஒன்று இன்னமும் உள்ளே இருந்தது.

“நாளைக்கு மேடையில நானே சொல்றேன். அந்த மண்புழுக்காரன் மூஞ்சியப் பாத்தே சொல்றேன். பதக்கம் வேணாம். ஆனா இது அவ பாட்டுன்னு சொல்றப்ப அரைப் பாட்ட வெச்சுக்கிட்டுச் சொல்லக்கூடாது. முழுப் பாட்டும் கேக்கணும். பாடு. நானும் கேக்கறேன்.”

மகள் முதலிலிருந்து தொடங்கினாள். ஏழு சுரத்தைத் தாண்டினாள். குளியலறையில் கேட்ட அந்த வரியைப் பாடினாள். அடுத்த வரியைப் பாதி பாடி நிறுத்தினாள்.

“ஏன் நிறுத்திட்ட? மேல பாடு.”

“எனக்கும் அவ்வளவுதான்பா தெரியும்” என்றாள் மகள். “அதுக்குள்ள நீங்க வீட்டுக்கு வந்துடுவீங்க.”