நாலாம் படி

அந்த ஆஸ்பத்திரியில் நர்சுகளின் வளர்ச்சியை ஐந்து படிகளாக அளந்தார்கள். கடுகு சிஸ்டர் மூன்றாம் படியிலேயே பிடித்து வைத்த பிள்ளையாராக உட்கார்ந்திருந்தாள். ஆள் குள்ளம், கோபம் சுள்ளென்று வரும் என்பதால் வார்டு முழுக்க அவளுக்குக் கடுகு என்றுதான் பேர். அவளுக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த ஓரகத்தி போன வருஷமே நாலாம் படி ஏறிவிட்டாள். "நீங்களும் ஏறிடுவீங்கக்கா" என்று அவள் ஆறுதல் சொல்லும்போதெல்லாம் கடுகுக்கு வயிறு எரியும். அதற்கு வார்டில் மருந்து கிடையாது.

இன்று நாலாம் படிக்கான பரீட்சை. நரம்பு சரியாகக் கிடைக்காத ஒரு நோயாளிக்கு, மதிப்பெண் போடும் மேடத்தின் கண்முன்னே, மருந்து ஏற்றும் ஊசியைக் கையில் போட்டுக் காட்ட வேண்டும். மேடம் வருஷத்துக்கு ஒருமுறைதான் வருவார். வார்டிலோ அன்று யாருக்கும் புது ஊசி தேவைப்படவில்லை.

கடுகு சுற்றுமுற்றும் பார்த்தாள். ஜன்னலோரக் கட்டிலில் வயதான தையல்காரர் ஒருவர் படுத்திருந்தார். கை முழுக்க ஊசி குத்திய தழும்பு, நரம்பு லேசில் அகப்படாது. நேற்றுப் போட்ட ஊசியில் மருந்து ஒழுங்காக இறங்கிக்கொண்டிருந்தது.

"லேசா வீங்கியிருக்குய்யா, மாத்திடலாம்" என்று சொல்லி அதை உருவினாள். வீக்கமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

மேடம் வந்து நின்றார். முதல் குத்தில் நரம்பு நழுவியது. தையல்காரர் பல்லைக் கடித்தார். மேடத்தின் பேனா தாளை நோக்கி இறங்குவதைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னார்.

"நான்தாம்மா கையை ஆட்டிட்டேன். சிஸ்டர் மேல தப்பில்ல."

அவர் கை அசையவே இல்லை. அதைப் பிடித்திருந்தவளுக்குத் தெரியாதா? இரண்டாம் குத்தில் ஊசி ஏறியது. "நல்லாப் பண்ணிட்டீங்க சிஸ்டர், பாஸ்" என்று சொல்லிவிட்டு மேடம் நகர்ந்தார்.

கடுகு குனிந்தபடியே பிளாஸ்திரி ஒட்டினாள்.

"பாஸாம்மா?"

"ஆமாங்கய்யா."

"பழசு நல்லாத்தான் இருந்துச்சு. நீ அவசரமா உருவினப்பவே பரீட்சைன்னு புரிஞ்சுபோச்சு." அவர் சிரித்தார். குத்தலே இல்லாத சிரிப்பு. "அடுத்த படிக்கும் வேணும்னா சொல்லு. இன்னொரு கை இருக்கு."

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். வெட்கத்தில் உடம்பே கூசியது. நடந்ததைச் சொல்லிவிடலாம், படியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று வராந்தாவில் ஓடினாள். மேடம் லிஃப்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தார்.

"என்ன சிஸ்டர்?"

வாய் திறந்தது. ஓரகத்தியின் முகம் கண்முன் வந்து நின்றது.

"தேங்க்ஸ் சொல்ல வந்தேன் மேடம்."

லிஃப்ட் கதவு மூடியது. எந்த முகத்தோடு வார்டுக்குள் போவது என்று தெரியவில்லை. தையல்காரருக்கு அடுத்த மருந்து ஏற்றும் நேரம் ஆகியிருந்தது. அவள்தான் போக வேண்டும்.