டேங்க் நெளிந்த சிவப்பு வண்டி

இருபது வருஷமாக ஐயாவின் முதுகுக்குப் பின்னால் இரண்டடி தள்ளி நின்றவன் அவன். வீட்டுச் சமையல்காரர் அவனுக்கு வைத்த பேர் தூணு. ஐயா நாட்டை ஆண்ட காலத்தில், ஆயிரம் பேர் நெருக்கியடிக்கும் கூட்டத்தில் கைகளை மட்டுமே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். முகத்தைப் பார்க்காதே, கையைப் பார் என்பதுதான் அந்தத் தொழிலின் முதல் பாடம். முகம் சிரிக்கும். காரியம் செய்வது கைதான்.

இப்போது ஐயாவுக்குப் பதவியும் இல்லை, கூட்டமும் இல்லை. வீட்டுப் பக்கம் ஈ காக்கை எட்டிப் பார்ப்பதில்லை. காலையில் மாத்திரை டப்பாவைத் தூக்கிக்கொண்டு பூங்காவில் பின்னால் நடப்பதும், கார் கதவைத் திறப்பதும், சாயங்காலம் வாசல் பதிவேட்டில் 'சந்தேகப்படும்படி எதுவும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதும்தான் அவன் வேலை. ஐயா இன்னும் கார் கண்ணாடி வழியே கையசைப்பார். சிக்னலில் நிற்பவர்கள், யாருக்குக் காட்டுகிறார் என்று பின்னால் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேலிடத்துக் குழு ஒன்று அந்தப் பதிவேட்டைப் புரட்டும். இந்தத் தடவை காவலையே எடுத்துவிடப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. ஐயா அவனைக் கூப்பிட்டார்.

"ஏம்பா, ரெண்டு வருஷமா ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னே எழுதி வச்சிருக்கியே. உனக்குக் கண்ணு தெரியலையா, இல்ல எனக்கு எதிரியே இல்லையா?"

"நடந்ததைத்தானே எழுத முடியும், ஐயா."

"காவலை எடுத்தா எனக்கென்ன, பேசாம வீட்டுக்குள்ள உக்காந்துக்குவேன். உன்னைத்தான் அன்னைக்கே எல்லைப் படைக்கு ரயிலேத்திடுவாங்க. உன் சம்சாரத்துக்கு வெள்ளிக்கிழமை ஆபரேஷன்னு சொன்னல்ல?"

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலே சாதிக்கிறவர்.

மனைவிக்கு இதய வால்வில் கோளாறு. "இருபது வருஷம் அவர் பின்னாடி நின்னீங்க. ஒரு நாள் என் பக்கத்துல நில்லுங்க. உங்க மூஞ்சியைப் பாத்துக்கிட்டே மயக்கம் போட்டுக்கறேன்" என்று கேட்டிருந்தாள். விடுப்புச் சீட்டு அவன் சட்டைப் பையில் இருந்தது.

எழுதினான். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவனுக்குப் பொய்க்கும் ஒரு நிஜம் தேவைப்பட்டது. மூன்று நாளாகத் தெருவைச் சுற்றும் ஒரு வண்டி. சிவப்பு நிறம். டேங்கின் இடப்பக்கம் நெளிசல். கறுப்பு ஹெல்மெட். அது அவன் மச்சினனின், மனைவியுடைய தம்பியின் வண்டி. மச்சினன் இந்தத் தெருவை மிதித்ததே இல்லை, என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தான்.

குழு காவலை எடுக்கவில்லை, இரட்டிப்பாக்கியது. புதிதாக எட்டுப் பேர், ஒரு அதிகாரி, இன்னொரு கார். ஐயாவுக்குப் பத்து வயது குறைந்துபோயிற்று. சமையல்காரர்தான் கரண்டியோடு வந்து நின்றார்.

"டேய் தூணு, நாலு வரி எழுதினே, நான் எட்டுப் பேருக்குச் சேர்த்து வடிச்சுக் கொட்டறேன். இன்னொரு நாலு வரி எழுதித் தொலைச்சிடாத."

மறுநாளே எல்லா விடுப்பும் ரத்து என்று உத்தரவு வந்தது. அதிகாரியிடம் போய் நின்றான்.

"சார், வெள்ளிக்கிழமை வீட்டுல ஆபரேஷன் சார்."

"வேற யாரா இருந்தாலும் விட்டிருப்பேன்யா. அந்த வண்டியைப் பாத்த ஒரே ஆளு நீதான். உன்னை எப்படி விடறது?"

ஐயாவிடம் ஓடினான். "நீங்க ஒரு வார்த்தை சொன்னா..."

"நான் எப்படிப்பா தலையிடறது? நான்தான் ஓய்வுபெத்தவனாச்சே" என்றார் ஐயா, பேப்பரை மடிக்காமல்.

போனில் மனைவியிடம் சொன்னான். அவள் "சரி" என்றாள். அந்தச் சரியை அவனால் விழுங்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை எல்லோருடைய போனும் காவல் அறையில் இரும்புப் பெட்டிக்குள் பூட்டப்பட்டது. புது ஏற்பாடு. பதினோரு மணிக்குத் தெருமுனையில் ஒரு சிவப்பு வண்டி திரும்பியது. கறுப்பு ஹெல்மெட். அவன் கையைத் தூக்கி "போ, போ" என்று காட்டினான். வந்தவன் அதைக் கூப்பிடுவதாக எடுத்துக்கொண்டு இன்னும் முறுக்கினான்.

நான்கு பேர் பாய்ந்தார்கள். மச்சினன் முகம் சரளைக்கல்லில் அழுந்தியது.

"மாமா! போனை ஏன் எடுக்கல? நீங்க வராம உள்ள போகமாட்டேன்னு அக்கா அடம்பிடிக்கிறா. பன்னெண்டு மணிக்குள்ள ஆரம்பிக்கலைன்னா டாக்டர் வெளிநாடு கிளம்பிடுவாராம் மாமா!"

அதிகாரி பதிவேட்டை விரித்து, கீழே கிடந்த வண்டியின் டேங்கைத் தடவிப் பார்த்தார்.

"நீ எழுதின வண்டி இதுதானா?"

ஆமாம் என்றால் மச்சினன் ஜெயிலுக்குப் போவான். இல்லை என்றால் அந்த நெளிசல் விடாது.

"வண்டி இதுதான் சார். ஆனா எழுதினது பொய். இவன் என் மச்சினன். இங்க வந்ததே இல்ல. ஐயாதான் எழுதச் சொன்னாரு."

எல்லோரும் மாடியைப் பார்த்தார்கள். ஐயா ஜன்னலோரம் நின்றிருந்தார்.

"நானா?" என்றார். "பாவம், குடும்பக் கஷ்டத்துல ஏதோ உளர்றான். இத்தனை வருஷம் இவனை நம்பியா தூங்கினேன்?"

துப்பாக்கியை வாங்கிக்கொண்டு, அவனையும் மச்சினன் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். விசாரித்து முடியும்வரை யாரும் நகரக்கூடாதாம். மணி பதினொன்றே முக்கால். காவல் அறையில் இரும்புப் பெட்டிக்குள் அவன் போன் அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது.

"சார், அந்த போனை மட்டும்..." என்று கையை நீட்டினான்.

எதிரே நின்ற புதுக் காவலாள் அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. கையைத்தான் பார்த்தான்.