கரகரப்பு இல்லாத கேசட்

ஸ்டூடியோக்காரர் சகாயநாதன் கேசட்டை டெக்கில் செருகிவிட்டு, பந்தி பரிமாறி முடித்தவர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் காலை ஷிப்ட் முடித்து நேராகத் தில்லை நகருக்கு வந்திருந்த அமிர்தராஜுக்கு, அந்த மாடி ஸ்டூடியோவின் ஸ்டூலில் உட்கார்ந்ததுமே கண் செருகியது. பாட்டு தொடங்கியதும் தூக்கம் போன இடம் தெரியவில்லை.

டிரம்ஸ் இருந்தது. அவர்கள் குழுவில் பாடும் பாஸ்கரனின் குரல் பக்கத்தில் நின்று பாடுவதுபோல் இருந்தது. கிடார்தான் அமிர்தராஜுடையதாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் நன்மை அப்பம் கொடுக்கும்போது அவன் வாசிப்பானே, அந்தச் சாதுவான கிடார் டொய்ங் டொய்ங் என்று நடந்து போய்க்கொண்டிருந்தது.

"அண்ணே, என் கிடார் எங்கண்ணே?"

"அதாம்ப்பா ஓடுது. அன்னிக்கு உன் டப்பாவுல ஒரே கரகரப்பு. சொன்னா நீ சங்கடப்படுவேன்னு, டப்பாவ விட்டுட்டு கிடார்லேர்ந்தே நேரா டேப்புக்கு ஒயர் எடுத்துட்டேன். ரூம்ல நீங்க கேட்டது வேற, டேப்புல போனது வேற. எப்படி, பளிங்கு மாதிரி இல்ல?"

அந்தக் கரகரப்புக்காகத்தான் அமிர்தராஜ் பழைய ரேடியோக்களைப் பிரித்து, விரலைச் சுட்டுக்கொண்டு, கிடாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே அந்தத் தகர டப்பாவைச் செய்து வைத்தான். கப்பலில் வேலை பார்த்த சொந்தக்காரர் கொண்டுவந்த கேசட்டில் கிடாரை உறுமவிடுகிற ஹெவி மெட்டல் என்ற சங்கதியை முதன்முதலாகக் கேட்ட நாளிலிருந்து அவனுக்குப் பிடித்த பைத்தியம் அது. வார்ப்புப் பட்டறையில் உலை முன்னால் நாள் முழுக்க வெந்துவிட்டு வருகிறவனுக்கு, உள்ளே என்ன ஓடுகிறது என்று அந்தச் சத்தம் ஒன்றுதான் சொன்னது. வாயால் சொல்லத் தெரிந்திருந்தால் அவன் ஏன் கிடாரைத் தொடப் போகிறான்?

சகாயநாதனைத் திட்டவும் வாய் வரவில்லை. மாதா பாட்டும் மாரியம்மன் பாட்டும் பதிவு செய்து பழகியவர். இரைச்சலைக் கண்டால் கொசுவைக் கண்டதுபோல் அடிப்பார். பதிவன்று போட்டுக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அதற்குள் கரண்ட் போய்விட்டது. பாஸ்கரன் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு ஓடி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பம்பாய் போய், இப்போது மஸ்கட்டில் வேலையில் இருக்கிறான். அவன் இல்லாமல் இன்னொரு தடவை பதிவு செய்ய வழியில்லை. இத்தனை வருஷம் வாசித்ததற்கு அடையாளமாக இருக்கப்போவது இந்த ஒரே பாட்டுதான். கேசட்டின் இரண்டு பக்கமும் அதையேதான் போட்டிருந்தார்கள்.

வெளியீடு வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தான். டிரம்ஸ் வாசிக்கும் பிலோமின்ராஜ் கேட்கவில்லை. "ஃபாதர் பூசையிலயே அறிவிச்சிட்டாருடா. இனிமே நிறுத்தினா அசிங்கம்." சண்டை போடத் தெம்பில்லாமல் அமிர்தராஜ் சரி என்றான். அவன் சரி என்றதெல்லாம் பெரும்பாலும் இப்படித்தான்.

ஞாயிறு பூசை முடிந்ததும் சர்ச்சை ஒட்டிய பங்குக் கூடத்தில் ஃபாதர் கேசட்டை வெளியிட்டு, மேசை மேலிருந்த டேப் ரெக்கார்டரை அழுத்தினார். 'உருக்கு, என்னை உருக்கு' என்று பாஸ்கரன் பாடினான். உலையைப் பார்த்து, உன்னால் ஆனதைப் பார் என்று சவால் விடுகிற பாட்டு அது. அடியில் கிடார் உறுமினால்தான் அது சவால். உறுமல் போன பிறகு, யாரோ முழங்காலில் நின்று மன்றாடுவதுபோல் இருந்தது. லூர்துராணி டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பாட்டு முடிந்ததும் கைதட்டல். ஃபாதர் அமிர்தராஜின் தோளைப் பிடித்துக்கொண்டார். "பாவிய உருக்கச் சொல்லி ஆண்டவர்கிட்ட கேக்குற மாதிரி. தவக்காலத்துக்குன்னே எழுதினாப்ல இருக்கு அமிர்தராஜ். பூசையிலயே வாசிக்கலாம்." கூடம் முழுக்கத் தலையாட்டியது. அமிர்தராஜும் சிரித்தபடி தலையாட்டினான். செத்துப்போனவனின் வீட்டில் நின்றுகொண்டு, செத்தவன் தான்தான் என்று சொல்ல முடியாதவன்போல இருந்தது அவனுக்கு.

பின்வரிசையில் மனைவி ரோசரிக்குப் பக்கத்தில் வந்து பொத்தென்று உட்கார்ந்தான். கல்யாணமான நாளாய் அவன் கிடார் சத்தத்தைக் கரித்துக்கொட்டியவள். குழந்தையைத் தூங்கவிடாத சத்தம், பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர்களைச் சண்டைக்கு இழுத்த சத்தம். இவளாவது நிம்மதியாகக் கேட்டிருப்பாள் என்று நினைத்தான். அவள் முகம் கடுகடுவென்று இருந்தது.

"ஏங்க, இது நீங்க வாசிச்சதில்லையே."

"நான்தான் வாசிச்சேன்."

"யார்கிட்ட சொல்றீங்க? சுவத்துக்கு அந்தப் பக்கம் நின்னுதானே இத்தனை வருஷம் சோறாக்கினேன். குரல் வர்றதுக்கு முன்னாடி தரையெல்லாம் அதிருமே. அது எங்க?"

"எடுத்துட்டாங்க."

"நீங்க சும்மாவா இருந்தீங்க?"

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். அந்தச் சத்தத்தை உலகத்தில் ஒருத்தி கேட்டிருக்கிறாள். அவள் திட்டிக்கொண்டே கேட்டிருக்கிறாள்.

முன்னால் யாரோ இன்னொரு தடவை போடச் சொன்னார்கள். கேசட்டைத் திருப்பிப் போட்டார் ஃபாதர். டிரம்ஸ் தொடங்கியது. லூர்துராணி டீச்சர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். ரோசரி நேராக மாதா சுரூபத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கிடார் நுழைகிற இடம் வந்ததும், பல்லைக் கடித்துக்கொண்டு, உதடு பிரியாமல், அடித்தொண்டையிலிருந்து உறும ஆரம்பித்தாள். தாளம் ஒரு இடத்திலும் பிசகவில்லை. முன்வரிசையில் இரண்டொருவர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் நிறுத்தவில்லை.