யாகப்பனின் தூக்கம்

யாகப்பனுக்குத் தூக்கம் என்றால் உயிர். உட்கார்ந்த இடத்தில் தூங்குவான், நின்ற இடத்தில் தூங்குவான். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் பிரசங்கத்துக்குத் தொண்டையைச் செருமும்போதே இவன் தலை தொங்கிவிடும். சேலத்து மில் ஒன்றில் அவனுக்கு வேலை. அந்த இயந்திரங்களின் இரைச்சலில் மட்டும் எப்படியோ விழித்திருந்தான். அதனால்தான் குடும்பத்துக்குச் சோறு கிடைத்தது.

அவன் மனைவி அந்தோணிமேரி இதற்கு நேர்மாறு. இரண்டு வருஷமாக அவள் ஒழுங்காகக் கண்ணை மூடியதில்லை. மகன் செபஸ்தியானுக்கு இழுப்பு. அவர்கள் குடியிருந்த சந்தில் இரண்டு பக்கமும் பஞ்சுக் கொட்டகைகள். கொடியில் காய்ந்த சேலையை உதறினால் தூசு பறக்கும். பொழுது சாய்ந்ததும் பிள்ளையின் நெஞ்சு விசிலடிக்கத் தொடங்கிவிடும். அவனை நிமிர்த்தித் தோளில் போட்டுக்கொண்டு விடியும்வரை அவள் நடப்பாள். பக்கத்தில் கட்டிய புருஷன் குறட்டை விடுவான். அந்த நேரத்தில் அவனைப் பார்த்தால் ஆத்திரம் பொங்கும். காலையில் தூக்குச்சட்டியோடு மில்லுக்குக் கிளம்பும் முகத்தைப் பார்த்தால் பாவமாகிவிடும்.

"இந்தக் காத்துல வச்சிருந்தா பிள்ளை தேறாதும்மா. எங்கயாவது வெளியே கொண்டு போயிடுங்க" என்று மிஷன் ஆஸ்பத்திரிச் சிஸ்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

மில்லில் கூட வேலை பார்க்கும் ஒருவன் கைகாட்டிய ஊர்தான் கல்லாங்காட்டுப்பாளையம். சங்ககிரிக்குப் போகும் ரயில் பாதையில், ஸ்டேஷனை ஒட்டிய ஊர். காலையிலும் மதியமும் பொழுது சாயும்போதும் சேலத்துக்குப் போகவும் அங்கிருந்து திரும்பவும் பாசஞ்சர் வண்டிகள் உண்டு. மாதச் சீட்டு எடுத்துக்கொண்டால் வேலைக்குப் போய்வரலாம். செங்கோடன் என்ற விவசாயி தன் தோட்டத்துக்குள் ஒற்றையாய் நின்ற சிறு ஓட்டு வீட்டை, அந்தப் பக்கத்தில் சாளை என்பார்கள், குடியிருக்கக் கொடுத்தார். தை மாதம் ஒரு பாயும் நாலு பாத்திரமும் மாதா படமுமாக அவர்கள் வந்து இறங்கினார்கள்.

"நாங்க வேதக்காரங்க" என்று அந்தோணிமேரி முதலிலேயே சொல்லிவிட்டாள். பிறகு தெரிந்து வம்பாவதைவிட முன்னாலேயே தெரிந்து போகட்டும் என்று நினைத்தாள்.

செங்கோடனின் மனைவி மயிலம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "அதுக்கென்னுங் அம்மிணி? கெணத்துத் தண்ணி யாரு மொண்டாலும் தித்திப்புத்தான். மொதல்ல பையனுக்கு மோரு குடுங்க, வெயில்ல வாடிக் கெடக்கறான்" என்றாள்.

முதல் ராத்திரி பிள்ளை சத்தமில்லாமல் தூங்கினான். அந்தச் சத்தமின்மை அந்தோணிமேரியைப் பயமுறுத்தியது. பத்துத் தடவையாவது அவன் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். மூச்சு இளஞ்சூடாக, ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. விடிந்ததும் மாதா படத்தின் முன் முழங்காலிட்டு அழுதாள். ஒரு மாதத்தில் பையன் செங்கோடனின் ஆட்டுக்குட்டியைத் துரத்திக்கொண்டு வரப்பில் ஓடினான். ஓடுகிற பிள்ளை என்று ஒன்று தனக்கு உண்டு என்பதே அவளுக்குப் புதிதாக இருந்தது.

சாம்பல் புதன் வந்தது. நாற்பது நாளைக்குக் கவிச்சி கிடையாது என்று கேள்விப்பட்ட மயிலம்மாள் அசந்து போனாள். "மாரியம்மன் நோம்பிக்கு நாங்க பதினஞ்சு நாளு கவிச்சி உடறதுக்கே மூக்கால அழுவோம். நீங்க பெரிய ஆளுங்கதான் போங்க" என்றாள். அதற்குப் பிறகு அந்த வீட்டுக் கீரையும் இந்த வீட்டுக் குழம்பும் வேலியைத் தாண்டி வருவதும் போவதுமாக இருந்தன.

பங்குனியில் ஒரு நாள் மயிலம்மாள்தான் அந்தச் சேதியைச் சொன்னாள். "அம்மிணி, வர்ற செவ்வாக்கெழம ராத்திரி நம்ம மாரியம்மனுக்குக் கம்பம் நடறாங்க. நட்டாச்சுன்னா நோம்பி முடியற வரைக்கும் பதினஞ்சு நாளு, ஊர்ல இருக்கறவங்க யாரும் வெளியூர்ல ராத்தங்கக் கூடாதுங். பகல்ல எங்க வேணாலும் போலாம், பொழுதோட எல்லைக்குள்ள வந்து படுத்துக்கோணும்."

"யாராவது தங்கிட்டா?"

"எவனும் தங்குனதில்ல. போன வருசம் எங்கூட்டுக்காரரு அவிங்க அக்கா ஊட்டுச் சீருக்குப் போயி, பந்தியில உக்காரக்கூட இல்ல. ராவோட ராவா வண்டியப் பூட்டிட்டு வந்துட்டாரு."

சனிக்கிழமை யாகப்பன் வீடு திரும்பியபோது அவன் கொண்டு வந்த சேதி இதற்குக் குறுக்கே நின்றது. செவ்வாய் முதல் அவனுக்கு ராத்திரி ஷிப்ட். பொழுது சாயப் போகிற வண்டியில் போய், மறுநாள் காலை வண்டியில்தான் திரும்ப முடியும். அதுவும் ஒரு மாதத்துக்கு.

"மாத்திக் கேட்டீங்களா?"

"கேட்டேன். மில் வாசல்ல வேலைக்குப் பத்துப் பேர் நிக்கிறான், உனக்கு எது வசதின்னு மேஸ்திரி கேக்கறார்" என்றான் யாகப்பன். சொல்லி முடிப்பதற்குள் கொட்டாவி வந்தது.

முப்பது தப்படி நடந்து மயிலம்மாளிடம் கேட்டிருந்தால் விஷயம் அன்றே முடிந்திருக்கும். அந்தோணிமேரி கேட்கவில்லை. பயந்துபோன மனசு யாரையும் கேட்காது, தானே தீர்ப்பு எழுதிக்கொள்ளும். வந்தேறிக் குடும்பம், அதிலும் வேறு வேதம். ஊர்க் கட்டுப்பாட்டை மீறினால் சாளையைக் காலி செய்யத்தான் சொல்வார்கள். அப்புறம் பழைய சந்து, பழைய தூசு, பிள்ளையின் பழைய நெஞ்சு. யோசித்து யோசித்து அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். கம்பம் நடும் ராத்திரி ஊரில் இருந்தால்தானே கட்டு? அதற்கு முன்பே கிளம்பிவிட்டால் யாரும் குற்றம் சொல்ல முடியாது. பதினைந்து நாளைப் பல்லைக் கடித்துக்கொண்டு சேலத்துச் சந்தில் தள்ளிவிட்டுத் திரும்பி வரலாம். ஊர் திரும்பச் சேர்த்துக்கொண்டால்.

யாகப்பனிடம் சொன்னாள். "நீ சொன்னாச் சரிதான்" என்றான். பாதி தூக்கத்தில் சொன்னானோ என்னவோ.

செவ்வாய்க்கிழமை உச்சிப்பொழுதில், மகனுக்கு ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும் என்று மயிலம்மாளிடம் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். பொய் சொன்ன நாக்கு ஸ்டேஷன் வரைக்கும் கசந்தது. மதிய வண்டி வர இன்னும் நேரம் இருந்தது. யாகப்பன் வேப்பமரத்தடி பெஞ்சில் மூட்டைமேல் தலையைச் சாய்த்தான். அவ்வளவுதான், குறட்டை கேட்டது. செபஸ்தியான் வேப்பம்பூவைப் பொறுக்கி அப்பாவின் வயிற்றில் வரிசையாக அடுக்கினான். அந்தோணிமேரி தண்டவாளத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அப்போது கொளுத்தும் வெயிலில், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, ஒரு பெண் மூச்சு வாங்க ஓடி வந்தாள். மயிலம்மாள்!

"ஏனுங் அம்மிணி, கோழி பூந்துருச்சேன்னு வெரட்டச் சாளைக்குள்ள போனன். செவுத்துல மாதா படத்தக் காணோம். ஆஸ்பத்திரிக்குப் போறவங்க சாமி படத்தயா எடுத்துட்டுப் போவாங்க? நாங்க என்ன கொற வெச்சோம்? சொல்லிட்டுப் போங்க!"

கோபமாகத்தான் கேட்டாள், ஆனால் கண்ணில் நீர் நின்றது. அந்தோணிமேரியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. ஷிப்ட், கம்பம், பயம், பிள்ளையின் நெஞ்சு என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள்.

மயிலம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பெஞ்சில் வாயைப் பிளந்து தூங்குகிறவனையே பார்த்தாள்.

"ராத்திரி பூரா மில்லுல என்ன பண்ணுவாரு?"

"வேலைதான். கண்ணசந்தா நூல் அறுந்துரும்."

"தூங்கறது?"

"காலையில திரும்பி வந்துதான்."

"எங்க வந்து?"

"சாளையிலதான் அக்கா, வேற எங்க?"

"அட என்னுங் அம்மிணி நீங்க!" மயிலம்மாள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "வெளியூர்ல படுக்கக் கூடாதுங்கறதுதான் கட்டு. அவரு படுக்கறது முச்சூடும் நம்ம எல்லைக்குள்ளதான? இதுக்கா பச்சப் புள்ளயத் தூக்கிட்டு அந்தத் தூசுக்கே ஓடறீங்க? வாயத் தொறந்து ஒரு வார்த்த கேக்கக் கூடாதா? எந்திரிங்க!"

சேலம் வண்டி வந்தது, நின்றது, போயிற்று. யாகப்பன் அந்தச் சத்தத்துக்கும் எழுந்திருக்கவில்லை. உலுக்கித்தான் எழுப்ப வேண்டியிருந்தது.

மூவரையும் மயிலம்மாள் நேரே கோயிலுக்குக் கூட்டிப்போனாள். பூசாரி தீர்த்தகிரி கம்பத்துக்குக் குழி வெட்டுவதை மேற்பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று கிளை பிரிந்த மரத்தை வெட்டி, தோலுரித்து, மஞ்சள் பூசித் தயாராக வைத்திருந்தார்கள். ஊர் வழக்கம் என்றால் பூசாரி ரொம்பக் கறார். மயிலம்மாள் சொன்னதை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். மோவாயைச் சொறிந்தார்.

"மயிலம்மா சொல்றது ஞாயந்தான்" என்றார் கடைசியில். "வேல செய்யறது தங்கல் ஆகாது. ஆனா ஒண்ணு. நோம்பி முடிஞ்சு கம்பம் எறங்கற வரைக்கும் எல்லைக்கு வெளிய கண்ண மூடப்படாது. மில்லுலயும் சரி, ரயில்லயும் சரி, ஒரு பொட்டுத் தூக்கம் ஆகாது. ஒத்துக்கறீங்களா மில்லுக்காரரே?"

ரயிலில் தூங்கக் கூடாதா? யாகப்பனின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் மகனைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். "ஒத்துக்கறேங்க" என்றான்.

"அப்படின்னா உங்க சாமி மேல சொல்லுங்க. எங்க அம்மனுக்கு அது போதும்."

யாகப்பன் சிலுவை வரைந்துகொண்டான். மாதா படம் திரும்பவும் சாளைச் சுவரில் ஏறியது. அவன் பொழுது சாயும் வண்டிக்குப் புறப்பட்டான். அன்றிரவு கம்பம் நட்டபோது அந்தோணிமேரி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர்ப் பெண்களோடு நின்றாள்.

வாக்குக் கொடுப்பது சுலபம். ராத்திரி முழுக்க நின்று வேலை செய்தவனுக்குக் காலை ரயிலின் தாலாட்டு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். யாகப்பன் உட்காரவே மாட்டான். கதவோரம் கம்பியைப் பிடித்து நிற்பான். மிளகை வாயில் போட்டு மெல்லுவான். தந்திக் கம்பங்களை எண்ணுவான். எண்ணிக்கை குழறினால் பக்கத்தில் நிற்பவரிடம், "அண்ணா, கொஞ்சம் கிள்ளுங்க" என்பான். சந்தோஷமாகக் கிள்ளுவார்கள். முதல் நாள் ஸ்டேஷனிலிருந்து நடந்து ஊர் எல்லைக்கல்லைத் தாண்டியதும் சாளை வரை நடக்கக்கூடத் தெம்பில்லை. கல்லுக்கு இந்தப் பக்கம் இரண்டடி தள்ளி ஒரு புளியமரத்தடியில் அப்படியே சாய்ந்துவிட்டான். செங்கோடன் பார்த்துவிட்டு, "உள்ளாறதான் கெடக்கறாரு, குத்தமில்ல" என்று சிரித்து, வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்தால் ஒன்றும் காதில் விழாது. ஆனாலும் மயிலம்மாள் சும்மா இருக்கவில்லை. சாளைப் பக்கம் கோழிகளை விடவில்லை. மாட்டுக் கழுத்து மணிகளைக் கழற்றி வைத்தாள். ஏற்றம் இறைக்கிற ஆள் பாட்டுப் பாடக்கூடாது என்று உத்தரவு போட்டாள். இதெல்லாம் எதற்கு அக்கா என்று அந்தோணிமேரி கூச்சத்தோடு கேட்டாள்.

"அவரு தூக்கத்துலதான அம்மிணி நம்ம ஊரு கட்டு நிக்குது? அது கெடலாமா?"

எட்டாம் நாள் தீர்த்தக்குடம். ஊர்ப் பெண்கள் ஈரச் சேலையோடு, வேப்பிலை செருகிய குடங்களைத் தலையில் வைத்துக்கொண்டு, மேளதாளத்தோடு கோயிலுக்குப் போகிற நாள். ஊர்வலம் வரும் வண்டித்தடம் சாளையின் வாசலை உரசிக்கொண்டுதான் போகிறது. அந்தோணிமேரிக்கு அது காலையில்தான் தெரிந்தது. யாகப்பன் அப்போதுதான் வந்து படுத்திருந்தான். அவன் மார்மேல் செபஸ்தியானும் ஏறிப் படுத்துத் தூங்கிப்போயிருந்தான்.

தூரத்தில் மேளம் கேட்டது. நெருங்க நெருங்கச் சுவரே அதிரும் போலிருந்தது. சாமி காரியம், யாரிடம் போய்ச் சத்தம் போடாதே என்று சொல்வது? அவள் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வெளியே வந்து நின்றாள்.

வேலி முனையில் மேளம் சட்டென்று நின்றுவிட்டது.

ஏதோ அசம்பாவிதம் என்று பதறி எட்டிப் பார்த்தாள். ஊர்வலம் நிற்கவில்லை, வந்துகொண்டுதான் இருந்தது. மேளக்காரர்கள் தோலின்மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டு நடந்தார்கள். குலவை போட்ட பெண்கள் உதட்டை மடித்துக்கொண்டு வந்தார்கள். சலங்கை கட்டிய சிறுமி ஒருத்தியை மயிலம்மாள் குடத்தோடு குடமாக இடுப்பில் தூக்கிக்கொண்டிருந்தாள். அறுபது எழுபது பேர். ஈரக் கால்கள் மண்ணில் பதியும் சத்தம் மட்டும்தான் கேட்டது. முன்னால் வந்த பூசாரி தீர்த்தகிரி அந்தோணிமேரியிடம் குனிந்து, குரலை இறக்கிக் கேட்டார்.

"தூங்கறாரா?"

"தூங்கறாருங்க" என்றாள்.

"பையன்?"

"அவனுந்தாங்க. நல்லாத் தூங்கறான்."

பூசாரி தலையசைத்தார். இரண்டடி நடந்தவர் என்னவோ நினைத்துக்கொண்டு திரும்பினார். அப்போதும் கறார்தான். "அம்மிணி, அடுத்த வருசம் இந்த ஷிப்டு கிப்டு வந்துதுன்னா மாசி மாசமே வந்து சொல்லிப்போடோணும். கடைசி நேரத்துல ஓடக் கூடாது" என்றார்.

அவள் கைகூப்பினாள். குடங்கள் ஒவ்வொன்றாகக் கடந்து போய், தோட்டத்தைத் தாண்டியதும் மேளம் மறுபடி முழங்கியது. கண்ணீர் ஓடுவதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் அந்தோணிமேரி வாசலிலேயே நின்றாள். அடுத்த வருசம் என்று சொல்லிவிட்டுப் போகிறார்!