குப்பைத் தட்டு

"இதெல்லாம் குப்பைம்மா. ஊசி போடும்போது உன் கை நடுங்கியிருக்கு. ஏழாம் மாசம், வேற எப்படி இருக்கும்?"

மைக்ரோஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார் பேராசிரியர். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"புள்ள வயித்துல இருக்கு சார், கையில இல்ல."

எங்கள் ஆய்வுக்கூடத்தின் மீன் தொட்டிகளைப் பார்த்துக்கொள்பவரை நாங்கள் மீன்காரர் என்போம். அவர் சிரிப்பை அடக்க முடியாமல் வலையோடு வெளியே நழுவினார்.

மீன் கருவின் கண்ணிலிருந்து கிளம்பும் நரம்பு இழைகள் மூளையில் தங்கள் இடத்தைத் தேடிப் போகும். அவற்றின் நுனியில் ஒரு குட்டி ஆர்என்ஏ உட்கார்ந்துகொண்டு, சில புரதங்களை வேளை வரும்வரை தயாராக விடாமல் தடுக்கிறது. அதனால்தான் இழைகள் சரியான இடத்தில் திரும்புகின்றன என்பது என் கட்சி. பாதிக் கருக்களில் ஊசி மருந்து செலுத்தி அந்த ஆர்என்ஏவை முடக்கினேன். மீதிக்கு வெறும் கரைசல். முடக்கியவற்றில் இழைகள் தறிகெட்டு அலைந்தன. அதைத்தான் குப்பை என்கிறார். அவர் சொன்னதே முடிவாகிவிட்டால், நான் பிரசவ விடுப்பில் போனதும் இத்தனை வருஷ உழைப்புக்கும் மூடுவிழாதான்.

இழைகளை எண்ணுவதற்கு முன், கருக்களை வைத்த ஸ்லைடுகளின் பெயர்ச்சீட்டை டேப் ஒட்டி மறைப்பது எங்கள் வழக்கம். எது எதுவென்று தெரிந்தால் கண் ஓரவஞ்சனை செய்யும். ஆனால் பேராசிரியர் அதற்கும் முன்னால், சீட்டைப் பார்த்துக்கொண்டே 'கெட்டதை'க் கழித்துவிடுவார். இத்தனை நாள் யாரும் வாயைத் திறந்ததில்லை.

"கழிங்க சார். ஆனா நான் டேப் ஒட்டின பிறகு."

எல்லாவற்றையும் மறைத்து, கலைத்து, அவர் முன் வைத்தேன். முறைத்தார். பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்து, பிடிக்காததைக் குப்பைத் தட்டில் போட்டார். முடித்ததும் டேப்பை உரித்தேன். தட்டில் வெறும் கரைசல் போட்டது ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் முடக்கியவை.

"ரெண்டுக்கும் ஒரே கைதான் சார் ஊசி போட்டுச்சு. நடுங்கினா ரெண்டுலயும்தானே நடுங்கியிருக்கணும்?"

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "எதுக்கும் இன்னொரு தடவை செஞ்சு பாப்போம்."

"தாராளமா. இந்தத் தடவை ஊசி நீங்க போடுங்க."

மறுவாரம் மீன்காரர் புது முட்டைகள் கொண்டுவந்தார். பேராசிரியரே உட்கார்ந்து ஊசி போட்டார். ஸ்லைடுகள் தயாரானதும் டேப் ஒட்டி அவரையே பார்க்கச் சொன்னேன். பார்த்தார், பிரித்தார், உரித்தார். ஆர்என்ஏவை முடக்கிய இடத்தில் இழைகள் அதே மாதிரி தறிகெட்டுக் கிடந்தன.

நான் என் வயிற்றைத் தடவிக்கொண்டே கேட்டேன்: "உங்களுக்கு எத்தனாவது மாசம் சார்?"