வால் கொய்த மீன்

அந்த மீன் உணவகத்தில் ஒரு நாளாவது உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பது அவளுக்கு ஆறு வருட ஆசை. ஆறு வருடமாக அந்தக் கடைக்கு மீன் வெட்டிக் கொடுப்பவள் அவள்தான். தினமும் காலையில் மேனேஜர் வேனில் வந்து, சந்தையில் அவள் பலகைக்கு முன்னால் பெட்டியை இறக்குவார். அவள் செதில் சீவி, குடல் எடுத்து, கழுவிக் கொடுப்பாள். அதற்குப் பிறகு அந்த மீன் எந்தத் தட்டில் போய் உட்காருகிறது, யார் சப்புக் கொட்டுகிறார்கள், ஒன்றும் தெரியாது. பெண்ணைக் கட்டிக் கொடுத்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டு வாசலையே மிதிக்காத தாயின் கதைதான்.

புருஷன் ஐஸ் கம்பெனியில் மூட்டை தூக்குகிறவர். சண்டை என்றால் நாலு தெரு சுற்றிக்கொண்டு போகிற ரகம். கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் முடிந்த அன்று, சந்தைக்கு விடுமுறையும் சேர்ந்து வந்ததால், "வா, உன் மீன நீயே தின்னு பாப்போம்" என்று அவரே கூப்பிட்டார். அவள் எலுமிச்சைத் தோலால் கையை மூன்று தடவை தேய்த்துக் கழுவினாள். பட்டுப் புடவை கட்டினாள். ஓட்டல் வாசலில் தொப்பி போட்ட நண்டின் படம் ஒன்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. அதன் கீழே "இன்று பிடித்தது இன்றே" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதைப் படித்தபோது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பெருமை மேசை வரைக்கும்தான் வந்தது. பரிமாறுகிற மீசைக்காரர் ஒரு ஈரத் துணியால் மேசையைத் துடைத்தார். துடைப்பதற்கு முன்னால் மேசை சுத்தமாகத்தான் இருந்தது. நண்டு கேட்டார்கள், முடிந்துவிட்டதாம். இறால் கேட்டார்கள், அதுவும் முடிந்துவிட்டதாம். மணி பன்னிரண்டரை. எப்போது ஆரம்பித்து எப்போது முடிந்தது என்று தெரியவில்லை. மெனு அட்டையில் இருந்ததெல்லாம் அட்டையில் மட்டும்தான் இருந்தது.

"முழு சங்கரா மீன் இருக்கு. பொரிச்சுத் தரோம். இன்னிக்கு ஸ்பெஷல்," என்றார் மீசைக்காரர்.

"அதையே குடுங்க," என்றார் புருஷன். எதைக் கொடுத்தாலும் அதையே கொடுங்க என்கிற மனுஷன்.

முக்கால் மணி நேரம் கழித்து மீன் வந்தது. ஒரு சாண் நீளம், மேலே மசாலா அப்பி, வால் பக்கம் கீரை இலைகளைக் குடை மாதிரி விரித்து வைத்திருந்தார்கள். அவள் விரல் வைத்ததும் சதை முள்ளை விட்டுக் கழன்று வந்தது. நல்ல மீன் அப்படி வராது, கொஞ்சம் மல்லுக்கட்டும். அவள் கீரையை ஒதுக்கினாள்.

வாலின் கீழ் முனை சாய்வாக வெட்டப்பட்டிருந்தது.

சந்தையில் அதற்கு வால் கொய்வது என்று பெயர். பெட்டியில் கெட்டுப்போன மீன் கண்ணில் பட்டால், வெட்டுகிறவள் அதன் வாலை ஒரே வீச்சில் சாய்வாகக் கொய்து தனியே போட்டுவிட வேண்டும். வால் கொய்த மீன் கோழித் தீவனத்துக்கு மட்டும்தான். விற்கக் கூடாது, சும்மாகூடக் கொடுக்கக் கூடாது. பதினொரு பலகைக்கும் ஒரே சட்டம். மற்றவர்கள் வெட்டினால் சாய்வு வலது பக்கம் போகும். இவள் இடது கைக்காரி. இவள் சாய்வு மட்டும் இடது பக்கம் போகும். தட்டில் கிடந்த வால் இடது பக்கம்தான் சாய்ந்திருந்தது.

முந்தாநாள் அவளே கொய்தது. அவளே பையில் போட்டு மேனேஜரிடம் கொடுத்தது. "தீவனக்காரனுக்கு நாங்களே குடுத்துக்கிறோம்" என்று இரண்டு மாதமாக அந்தப் பையையும் அவர் வாங்கிப் போய்க்கொண்டிருந்தார். ஒரு நாள், "ஏம்மா வால இப்படிக் கோணலா வெட்டுற, பாக்க நல்லாவே இல்ல" என்று வேறு கேட்டிருந்தார். தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்து அவள் சிரித்திருந்தாள். இப்போது அந்தச் சிரிப்பை நினைக்க நினைக்க அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. அந்த மனுஷனுக்கு வாலின் அர்த்தமே தெரியவில்லை. தெரிந்திருந்தால் வாலையே அறுத்துப் போட்டுவிட்டல்லவா பொரித்திருப்பான்.

"சாப்பிடாதீங்க," என்றாள்.

புருஷன் வாய்க்குக் கொண்டுபோன கையை அப்படியே நிறுத்தினார். அவள் வாலைக் காட்டினாள். ஐஸ் கம்பெனிக்காரருக்குச் சந்தைப் பழக்கம் தெரியும். முகம் வெளுத்துவிட்டது.

"பேசாம எழுந்து போயிடலாம்," என்றார் மெதுவாக. "பெட்டி நின்னு போச்சுன்னா என்ன பண்ணுவ?"

அவர் கேட்டதில் தப்பில்லை. அந்த ஒரு பெட்டிதான் அவளுக்குப் பாதி நாள் வேலை. மகளின் நர்ஸ் படிப்பு அதை நம்பித்தான் ஓடுகிறது, இன்னும் ஒரு வருடம் பாக்கி. அவள் மீசைக்காரரைக் கூப்பிட்டு, மேனேஜரை வரச் சொன்னாள்.

மேனேஜர் வந்தார். பட்டுப் புடவையில் அவளை அடையாளம் தெரியவில்லை. ஆறு வருடமாகத் தினமும் எதிரே நிற்கிறவர்; காதில் போனும் கண்ணில் மீனுமாகவே நின்றிருக்கிறார் போல.

"சொல்லுங்க மேடம்."

"மீன் கெட்டது."

"சான்ஸே இல்ல மேடம். காலைல வந்த சரக்கு. இதுவரைக்கும் ஒருத்தரும் குறை சொன்னதில்ல."

"இன்னிக்குச் சந்தையே லீவு. காலைல யாரு உங்களுக்கு வெட்டிக் குடுத்தது?"

அப்போதுதான் அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பார்த்ததும் மேடம் காற்றில் பறந்தது.

"நீயா," என்றார். குனிந்து, குரலை இறக்கினார். "இங்க பாரு, ஏதோ கிச்சன்ல தப்பு நடந்திருக்கும். நான் வேற மீன் போடச் சொல்றேன். இன்னிக்குச் சாப்பாடு நம்ம கணக்கு. பெட்டியும் எப்பவும் போல வரும். சரியா?"

உண்மையைச் சொன்னால், அவள் மனம் ஒரு கணம் சரி என்றுதான் சொன்னது. மகள் முகம் வந்து போனது. வாயைத் திறந்தும் விட்டாள். அதற்குள் பக்கத்து மேசையில் கண் போயிற்று. ஒரு தாய் மீனைப் பிய்த்து, முள் இருக்கிறதா என்று இரண்டு விரலால் நசுக்கி நசுக்கிப் பார்த்து, மூன்று வயதுக் குழந்தைக்கு ஊட்டத் தயாராகிக்கொண்டிருந்தாள். முள்ளைத் தேடுகிறாள், பாவம். கீரைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த வால் இடது பக்கம் சாய்ந்திருந்தது.

அவள் எழுந்து போய் அந்தத் தாயின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஊட்டாதம்மா. இது கெட்ட மீன். நான்தான் இந்தக் கடைக்கு மீன் வெட்டுறவ. தூக்கிப் போடச் சொல்லி நான் வெட்டின அடையாளம் இது, இந்தா பாரு."

பிறகு நிமிர்ந்து, சந்தைக் குரலில், எல்லோருக்கும் சொன்னாள். "உங்க தட்டுல இருக்கிற மீனோட வாலப் பாருங்க. சாய்வா வெட்டியிருந்தா தின்னாதீங்க. அவ்வளவுதான் நான் சொல்றது."

கடையே திரண்டு எழுந்துவிடவில்லை. சிலர் கீரையை ஒதுக்கிப் பார்த்தார்கள். ஒருவர், "நிம்மதியாச் சாப்பிடக்கூட விடமாட்டாங்க" என்று அலுத்துக்கொண்டு அடுத்த வாய் எடுத்தார். குழந்தையின் தாய் மட்டும் தட்டைத் தள்ளிவிட்டு, குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போனாள். இவளுக்கு அது போதும்.

"நாளைலருந்து உனக்குப் பெட்டி கிடையாது," என்றார் மேனேஜர். "சந்தைல உன்ன விட்டா ஆளே இல்லையா?"

"இருக்காங்க. போய்க் கேளுங்க."

வழியெல்லாம் புருஷன் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் அவரே அடுப்பைப் பற்றவைத்து, சோறு வடித்து, "நீ சொல்லலேன்னா எனக்கு இந்தச் சோறும் இறங்கியிருக்காது" என்றார். இருபத்தைந்து வருடத்தில் அவர் பேசிய நீளமான வசனம் அதுதான். அவள் அழுதுகொண்டே சாப்பிட்டாள். பயமாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன்.

மறுநாள் காலை வேன் வந்தது. மேனேஜர் அவளைத் தாண்டிப் போய், பக்கத்துப் பலகையில் பெட்டியை இறக்கினார். பக்கத்துப் பலகைக்காரி அவளைவிட மூத்தவள், வாய் நீளம். குழாய்த் தண்ணீர்ச் சண்டையில் இரண்டு பேருக்கும் எட்டு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

மூத்தவள் பெட்டியைப் பார்த்தாள். பிறகு, எட்டு மாதத்தில் முதல் தடவையாக, இவளைப் பார்த்தாள். "என்னடி, உன் பெட்டி வழி தவறி வந்திருக்கு?"

அவள் நடந்ததைச் சொன்னாள். மேனேஜரை வைத்துக்கொண்டே, கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்.

"அதெல்லாம் உனக்கு எதுக்கு," என்றார் மேனேஜர் மூத்தவளிடம். "நீ வெட்டு. ஆனா ஒண்ணு, வாலத் தொடக் கூடாது."

மூத்தவள் கத்தியைத் திருப்பி, பிடியை அவர் பக்கம் நீட்டினாள். "வாலத் தொடாம எனக்கு வெட்டத் தெரியாது. இந்தா, நீயே உக்காந்து வெட்டு."

மேனேஜர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது பலகைக்குப் போனார். அங்கேயும் வாலைப் பற்றித்தான் பேச்சு போல, நான்காவதுக்கு நகர்ந்தார். வரிசை நெடுக ஒவ்வொரு பலகையாகக் குனிந்து நிமிர்ந்தார். பதினோராவது பலகையைத் தாண்டி அவர் வேனுக்குத் திரும்பியபோது பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் வழி முழுக்கச் சொட்டியிருந்தது.

அவள் பலகை காலியாகவே இருந்தது. வேன் போய்விட்டது, மகள் படிப்பில் இன்னும் ஒரு வருடம் பாக்கி இருந்தது. கத்தியைக் கல்லில் தீட்டினாள். தீட்டிய கத்தியையே மறுபடியும் தீட்டினாள்.

மூத்தவள், வேறு கடைக்கு வெட்ட வைத்திருந்த தன் மீன் குவியலில் பாதியை இந்தப் பலகைக்குத் தள்ளினாள். "பாவம் பாத்து ஒண்ணும் குடுக்கல," என்றாள், முகத்தைப் பார்க்காமல். "எனக்குக் கை வலிக்குது."

இருபது வருடமாக அந்தக் கையைப் பக்கத்திலிருந்து பார்க்கிறவள் அவள். ஒரு நாளும் அது வலித்ததில்லை. அவள் மேலே கிடந்த மீனை இழுத்துச் செதில் சீவத் தொடங்கினாள்.