கேட்டிலிருந்து தெரியும் பூ

பெருங்களத்தூரில் இருபத்தெட்டு வருஷமாக மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். எரிந்துபோன மோட்டார் எது வந்தாலும், காயிலில் எத்தனை சுற்று, எந்த கேஜ் கம்பி என்று டைரியில் எழுதாமல் பிரிக்க மாட்டேன். அப்படிப்பட்ட மைதீன் பிச்சை, சொந்தப் பெண்டாட்டியின் கபர் எந்த இடம் என்று எழுதி வைக்கவில்லை. என்னைவிடப் பெரிய முட்டாள் இந்த ஜிஎஸ்டி ரோட்டில் கிடைப்பானா, தெரியவில்லை.

ஹஃபீசா 2021 மே மாதம் கொரோனாவில் போனாள். ஆஸ்பத்திரியிலிருந்து பையில் சுற்றி வந்தவளின் முகத்தைக்கூட எனக்குக் காட்டவில்லை. பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் இருக்கும் எங்கள் கபர்ஸ்தானில் அன்று மட்டும் ஏழு அடக்கம். எங்கிருந்தோ வந்த தொண்டர்கள் மளமளவென்று வேலையை முடித்துவிட்டுப் போனார்கள். நான் பத்தடி தள்ளி நின்றேன். ஷார்ஜாவிலிருந்து என் மகள் தபஸ்ஸும் போனில் அழுதுகொண்டே ஒன்றுதான் கேட்டாள்.

"எடத்த நல்லா பாத்து வச்சுக்கங்க அத்தா. நான் வந்து பாக்கணும்."

"நான் பாத்துக்கிறேம்மா" என்றேன்.

எங்கள் ஜமாஅத்தில் கபர் மேல் சிமென்ட் பூசக்கூடாது, பெயர் எழுதக்கூடாது. தலைமாட்டில் ஒரு பலகை, கால்மாட்டில் ஒரு பலகை, அவ்வளவுதான். எல்லாப் பலகையும் ஒரே மாதிரி இருக்கும். அதனால் நாற்பதாம் நாள் தலைமாட்டில் ஒரு கிழங்கை நட்டேன். அடையாளத்துக்கு அது போதும் என்று நினைத்தேன்.

அது ஹஃபீசாவின் செடி. எங்கள் தெருமுனையில் ரத்தினபாய் டீச்சர் இருக்கிறார், கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். வண்டலூர் பக்கம் ஜேசிபி புரட்டிப்போட்ட மண்ணிலிருந்து அவர் பொறுக்கி வந்த கிழங்குகளில் ஒன்று. யூலோஃபியா என்று பெயர் சொன்னார். ஆர்க்கிட் வகைதான், ஆனால் மரத்தில் ஒட்டாது, தரையில்தான் வளருமாம். மழைக்காலத்தில் இலை விடும். பனி முடிந்ததும் இலை காய்ந்து, மொட்டை மண்ணாகக் கிடக்கும். பிறகு மார்ச் மாதம் ஒரு நாள், இலையே இல்லாமல் வெறும் மண்ணிலிருந்து ஒரு முழத்துக்குக் காம்பு மட்டும் கிளம்பும். அதில் பத்துப் பன்னிரண்டு பூ. பச்சையும் பழுப்புமாக, நடு இதழ் மட்டும் வெள்ளையில் ரோஸ் கோடு. "வெறும் மண்ணுக்கா தண்ணி ஊத்துறீங்க டீச்சர்" என்று கிண்டல் செய்தவள்தான், பூவைப் பார்த்த அன்று அந்தத் தொட்டியைக் கேட்டு வாங்கி வந்தாள்.

2022 மார்ச்சில் கபர் மேல் பூத்தது. 2023-லும் பூத்தது. குனிந்து படம் எடுத்து தபஸ்ஸுமுக்கு அனுப்புவேன். அவளுக்கோ முதலில் விமானம் இல்லை, அப்புறம் பிரசவம், அப்புறம் மாப்பிள்ளைக்கு லீவு இல்லை. வருஷங்கள் ஓடின. எனக்கும் கவலையில்லை. பூதான் இருக்கிறதே. அதைக் குறிவைத்தே போய் வந்தேன், சுற்றிலும் என்ன இருக்கிறது என்று கவனித்ததே இல்லை.

2023 டிசம்பர் வெள்ளத்தில் பட்டறைக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. டைரிகள் போயின, செல்போன் போனது. கபர்ஸ்தானில் மேடெல்லாம் கரைந்து ஒரே சேறு. குழி வெட்டும் அஸ்கர், மிதந்த பலகைகளைப் பொறுக்கி கேட் ஓரம் குவித்து வைத்திருந்தான்.

"எது யாரோடதுன்னு எனக்கு இன்னா பாய் தெரியும்? நானே போன வருசம்தான் வந்தேன். நோட்டுல பேரு கீது, தேதி கீது. எடம் எழுதல பாய்."

அடுத்த மார்ச்சில் ஒன்றும் முளைக்கவில்லை. டீச்சர், "சேறு மேல மூடிடுச்சு பாய், ஒரு வருஷம் உறங்கும், பொறுங்க" என்றார். பொறுத்தேன். 2025 மார்ச்சில், பெருநாளைக்கு வருகிறேன் என்று தபஸ்ஸும் டிக்கெட் போட்ட அதே வாரம், நோன்பு வைத்துக்கொண்டு வெயிலில் போய்ப் பார்த்தேன். பூத்திருந்தது. மூன்று இடத்தில்.

ஒன்று கேட்டிலிருந்து பத்தடியில். இன்னொன்று நடுவில், முருங்கைக்குப் பக்கத்தில். மூன்றாவது, மய்யத்தைத் தூக்கிவரும் சந்தூக் வைக்க வெள்ளத்துக்குப் பிறகு புதிதாகப் போட்ட ஷெட்டுக்குப் பின்னால், மதில் ஓரம். மூன்றும் ஒரே உயரம், ஒரே நிறம். பூத்துவிடாதா என்று ஒரு வருஷமாக துஆ கேட்டவன், பூத்ததைப் பார்த்து அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

புதுப் போனில் படம் பிடித்துக்கொண்டு போய் டீச்சரிடம் காட்டினேன்.

"வெள்ளத்துல கிழங்கு ஒடைஞ்சு அடிச்சுக்கிட்டுப் போயிருக்கும் பாய். மூணும் ஒரே செடிதான். எது நீங்க நட்ட எடம்னு இத வச்சு சொல்ல முடியாது. பழைய போட்டோ எதுவும் இல்லையா?"

"அந்த போன் போச்சே டீச்சர்."

"தபஸ்ஸும்கிட்ட இருக்குமே. கேளுங்க."

"கேட்டா ஏன்னு கேப்பா. அம்மாவத் தொலைச்சுட்டேன்னு சொல்லச் சொல்றீங்களா? போட்டோல வெறும் பூதான் இருக்கும், விடுங்க."

"சொல்லிடுங்க பாய். பொண்ணு புரிஞ்சுக்குவா" என்றார். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. அவருக்கு என்ன, சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார். நான்கு வருஷமாகப் பிள்ளையிடம் 'அம்மா பத்திரமா இருக்கா' என்று சொல்லி வந்தவன் நான்.

பெருநாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு கபர்ஸ்தானுக்குப் போனேன். பெண்கள் எங்கள் கபர்ஸ்தானுக்குள் வருவதில்லை, கேட் வரைக்கும்தான். அங்கிருந்து பார்த்தால் முருங்கைப் பக்கத்துப் பூ பாதி தெரியும், பத்தடியில் இருப்பது நன்றாகத் தெரியும். ஷெட்டுக்குப் பின்னால் இருப்பது தெரியவே தெரியாது. மகள் கண்ணுக்கு ஒரு பூதான் தெரிய வேண்டும், பேரனைத் தூக்கிக்கொண்டு யாராவது உள்ளே வந்தாலும் ஒன்றுதான் இருக்க வேண்டும் என்று தீர்மானித்துவிட்டேன்.

முருங்கைப் பக்கத்தில் இருந்ததைப் பிடுங்கினேன். சுலபமாக வந்தது. ஷெட்டுக்குப் பின்னால் போனேன். மதிலில் மழைத் தண்ணீர் வெளியே போக விட்ட சதுர ஓட்டை, அதில் ஏதோ பிளாஸ்டிக் கவர் சிக்கிப் படபடத்துக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே அந்தப் பூ. இது வரவில்லை. வேர் நன்றாக இறங்கியிருந்தது. இரண்டு கையாலும் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. கையில் வந்த கிழங்குகள் ஒரு கொத்தாக, பழையதும் புதியதுமாக ஆறேழு இருந்தன. மனசு என்னவோ போலத்தான் இருந்தது. ஆனாலும் மதிலுக்கு அந்தப்புறம் ஏரிக்கால்வாயில் வீசிவிட்டுக் கையைக் கழுவினேன்.

மறுநாள் பெருநாள் தொழுகை முடிந்ததும் தபஸ்ஸுமை அழைத்துப் போனேன். அவள் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் உள்ளே போய்ப் பூவுக்குப் பக்கத்தில் நின்று கையைக் காட்டினேன்.

"இதாம்மா."

அவள் முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். ரொம்ப நேரம் அழுதாள். பிறகு, "கேட்டுக்குப் பக்கத்துலயே இருக்காங்க. எனக்கு அதுவே போதும் அத்தா" என்றாள். வந்த காரியம் முடிந்தது என்று எனக்கு மூச்சு வந்தது.

அப்போது அவள் போனை எடுத்தாள். நான் அனுப்பிய முதல் படம். மூன்று வருஷமாக அதைத்தான் போன் முகப்பில் வைத்திருக்கிறாளாம். படத்தையும் பூவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதுல பூவுக்குப் பின்னாடியே செவுரு இருக்கே அத்தா. சதுரமா ஒரு ஓட்டகூட இருக்கு. இங்க செவுரையே காணமே?"

கம்பிக்கு இடையில் போனை நீட்டினாள். வாங்கிப் பார்த்தேன். பூவை மட்டும்தான் எடுத்தேன் என்று நினைத்திருந்தேன். பூவின் தலைக்கு மேல், தெளிவாக, அந்தச் சதுர ஓட்டை.

சொல்லியிருக்கலாம். அந்த நொடியிலும் சொல்லியிருக்கலாம். ஆனால் ஷெட்டுக்குப் பின்னால் நான் காட்டுவதற்கு ஒரு குழிதான் இருந்தது.

"வெள்ளத்துல அந்தச் செவுரு விழுந்துருச்சும்மா" என்றேன்.

"அதானே" என்று அவள் நம்பினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கையையும் ஏந்தி, யாருடையதோ ஒரு கபரைப் பார்த்து ஓத ஆரம்பித்தாள். நானும் மறுபடி பூவுக்குப் பக்கத்தில் போய், கேட்டைப் பார்த்து நின்று கையை ஏந்தினேன். ஹஃபீசா எங்கே இருக்கிறாள் என்று இரண்டு வருஷத்துக்குப் பிறகு இப்போது எனக்குத் துல்லியமாகத் தெரியும். எனக்குப் பின்னால் இருக்கிறாள். மகள் ஓதி முடிக்கும் வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை.